கனகாம்புஜம் அம்மா கொடுத்த லைன்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வேலையில் சேர்ந்தேன். காரமடையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் நீளமான ஓட்டுக் கட்டடம். பன்னிரண்டு அறைகள், இப்போது பத்துப் பேர். எட்டாம் அறைக்கு அடுத்த வாரம் ஆள் வருகிறார்களாம். ஒன்பதாம் அறையில் கூரை ஒழுகுவதால் யாரையும் வைப்பதில்லை.

எல்லாக் கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளை ஒயர் தொங்குகிறது. நுனியில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பலகையில் அந்த அறையின் எண் எரியும், மணி அடிக்கும். யாராவது அறைக்குப் போய் நிறுத்துகிறவரை அடித்துக்கொண்டே இருக்கும்.

பொறுப்பு நர்ஸ் பிலோமினா சிஸ்டர். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை நிற்கவைத்துக் கேட்டார். "ரூமை விட்டு வெளிய வர்றப்போ கடைசியா என்ன பாக்கணும்?"

"மணி அவங்க கைக்கு எட்டுதான்னு பாக்கணும் சிஸ்டர்" என்றேன்.

"பரவால்லையே. முன்னாடி எங்கயாவது வேலை பாத்தியா?"

"இல்ல சிஸ்டர். பயிற்சியில சொல்லிக்கொடுத்தாங்க."

விண்ணப்பத்திலும் முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்றுதான் எழுதினேன். பெயர் ஜெயக்கொடி, வயது முப்பத்திரண்டு.

ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் கொஞ்சமாவது எழுதிப் பழகச் சொன்னார். பார்த்ததை மட்டும் எழுத வேண்டுமாம். 'கோபமாக இருந்தார்' என்று எழுதக் கூடாது, 'தட்டைத் தள்ளினார்' என்று எழுத வேண்டும். நினைத்ததை எழுத வேண்டியதில்லை என்பது எனக்கு வசதிதான்.

ஜூன் 4, புதன்

இரண்டாம் அறை ஐயாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தேன். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. ஐந்தாம் அறை அம்மாவுக்குக் கஞ்சி, நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நானும் உட்கார்ந்து, அரைக் கரண்டி அரைக் கரண்டியாக. விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. குளிக்கும் தண்ணீரை முழங்கையை விட்டுச் சோதித்தேன்.

என்னோடு வேலை பார்ப்பவர் பரமேஸ்வரி அக்கா, இந்த ஊர்க்காரர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார். "உன்ற கையி பழகுன கையாட்டம் இருக்குது கண்ணு."

மாமியார் படுக்கையில் கிடந்தார், நான்தான் பார்த்துக்கொண்டேன் என்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை அக்காவிடம் நேற்றுத்தான் சொல்லியிருந்தேன். அக்காவுக்கு அது நினைவில்லை போலிருக்கிறது. அல்லது நினைவிருந்தும் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

காற்றும் தூறலுமாக இருக்கிறது. மலை தெரியவில்லை.

எட்டாம் அறைக்குக் கனகாம்புஜம் அம்மாவைக் கொண்டுவந்து விட்டார்கள். வயது எண்பத்தொன்று. மறதி நோய். கண் பார்வை மங்கல், வெளிச்சம் மட்டும் தெரியும். வாக்கர் பிடித்து நடப்பார். மகன் பெங்களூரில். இதற்கு முன் ஈரோட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் ஐந்து வருஷம் இருந்தாராம், அதை மூடிவிட்டார்களாம்.

உள்ளங்கையைக் குவித்துக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். காது வலியா என்று சிஸ்டர் கேட்டார். மகன்தான் சொன்னார். அம்மா டெலிபோன் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டர். ட்ரங்க் கால் காலத்து ஆள்.

சாயங்காலம் நான் பால் கொண்டுபோனேன். "அம்மா, எந்திரிச்சு உக்காருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கை காதிலிருந்து இறங்கியது. முகம் நேராக என் பக்கம் திரும்பியது.

"மயிலு" என்றார்.

"நான் ஜெயக்கொடிம்மா."

"குரலை எங்கிட்ட மாத்திச் சொல்ல முடியாது மயிலு."

பால் முழுவதும் குடித்தார். 200 மில்லி.

ஜூன் 10, செவ்வாய்

எட்டாம் அறையைப் பரமேஸ்வரி அக்காவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். சிஸ்டர் முடியாது என்றார்.

ஜூன் 12, வியாழன்

மறதி நோய் பற்றி சிஸ்டர் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அவர்களோடு வாதாடக் கூடாது. அம்மாவைத் தேடினால் உங்கள் அம்மா செத்துப்போய்விட்டார் என்று சொல்லக் கூடாது. அம்மா ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பயத்தையோ ஆசையையோ பிடித்துக்கொண்டு பேச வேண்டும்.

"ஜெயக்கொடி, அந்தம்மா உன்னை மயிலுன்னா கூப்பிடறாங்க? கூப்பிட்டுட்டுப் போகட்டும். சரின்னு சொல்லு. யாரோ தெரிஞ்ச பொண்ணா இருக்கும்."

சரி என்றேன்.

கனகாம்புஜம் அம்மா எல்லோருக்கும் லைன் கொடுக்கிறார். பரமேஸ்வரி அக்காவுக்கு அது பெரிய வேடிக்கை. "அம்மா, திருப்பூர்ல என்ற மவளுக்கு ஒரு போன் போடுங்க" என்பார். அம்மா உடனே கையைக் காதில் வைத்து, "திருப்பூர் லைன் பிசி. பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன்" என்பார். சொன்னபடி பத்து நிமிஷத்தில் கூப்பிடவும் செய்கிறார். அக்கா ஒன்றும் இல்லாத காற்றில் மகளோடு பேசிவிட்டு வருகிறார்.

மத்தியானம் நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சின்னக் கொண்டை, ஐந்து ஊசி.

"மயிலு, உனக்கு ஒரு கால் இருக்கு."

"சரிம்மா."

"பி.பி. கால். உன் பேரைச் சொல்லிக் கேக்கறார். வேற யார் எடுத்தாலும் பேச மாட்டாராம்."

சிஸ்டர் சொன்னதுபோல வாதாடவில்லை. "நான் அப்புறமா பேசறேம்மா" என்றேன்.

"காத்திருக்கார்னு சொல்லவா?"

சீப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

இங்கே மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றுவரை யாருமே இல்லாதது போல இருக்கும். சாப்பிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள். மின்விசிறிச் சத்தமும் பாக்கு மட்டை எங்காவது விழும் சத்தமும்தான்.

இரண்டு பத்துக்குப் பலகையில் ஒன்பது எரிந்தது. மணி அடித்தது.

ஒன்பதில் ஆள் இல்லை. பரமேஸ்வரி அக்கா சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார். "ஒழுகற ரூம்புல்ல. ஒயர்ல தண்ணி எறங்கியிருக்கும். போயி அமுத்திட்டு வா கண்ணு."

போய் நிறுத்தினேன். வெறும் மெத்தை. சுவரில் ஈரம், ஆள் உயரத்துக்கு.

திரும்பி வரும்போது எட்டாம் அறையிலிருந்து கனகாம்புஜம் அம்மா சொன்னார். "ரிங் போயிட்டே இருக்கு. யாரும் எடுக்கல."

ஜூன் 17, செவ்வாய்

எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். ஒயரில் கோளாறு எதுவும் இல்லையாம். "யாராச்சும் அமுத்துனாத்தான் எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 19, வியாழன்

மறுபடியும் அதே நேரம். ஓடினேன். கதவு திறந்திருந்தது. கனகாம்புஜம் அம்மா வெறும் மெத்தையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாக்கர். கையில் சிவப்புப் பொத்தான்.

பேய் பிசாசு இல்லை, நடந்து வந்த மனுஷிதான் என்று தெரிந்ததும் சிரித்துக்கூட விட்டேன்.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

"லைன் டெஸ்ட் பண்றேன். இந்த ரூம் லைன் செத்துப்போச்சுன்னு கம்ப்ளெய்ன்ட். ஆனா சரியாத்தான் இருக்கு. யாரோ பிடுங்கி வச்சிருக்காங்க."

கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கை சில்லென்று இருந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். ஒன்பதாம் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி சிஸ்டர் மேசையில்.

ஜூன் 24, செவ்வாய்

கனகாம்புஜம் அம்மா இன்று பெயரைச் சொன்னார். பரமேஸ்வரி அக்காவும் இருந்தார், நாங்கள் இருவரும் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தோம்.

"மயிலு, வேலாயுதம் லைன்ல இருக்கார். இத்தனை நாள் காத்திருக்கார் பாவம். ஒரு வார்த்தை பேசிடேன்."

"யாரு கண்ணு வேலாயுதம்?" என்றார் அக்கா.

"தெரியலக்கா."

அக்கா விரிப்பின் நுனியைச் செருகிவிட்டு நிமிர்ந்தார். "நீ ஏங்கண்ணு மத்தியானம் சாப்புடறதே இல்ல? வந்த நாளா பாக்கறேன். டப்பாவத் தொறக்கறதே இல்ல. பலகையப் பாத்துட்டே உக்காந்திருக்கற."

பசிக்காது என்றேன்.

வேலாயுதம் என்ற பெயரில் இந்த இல்லத்தில் யாரும் இல்லை. அதுதான் உண்மை. அதைத்தான் எழுத முடியும்.

ஜூன் 26, வியாழன்

நாளைக்கு டாக்டர் வருகிறார். எட்டாம் அறை சார்ட்டில் இன்று நான் எழுதியது: 'காலையிலிருந்து பதற்றம். கத்தினார். இரண்டு முறை அடிக்கக் கை ஓங்கினார். பகலில் தூங்கவே இல்லை.'

சத்தமாகத்தான் பேசினார். கையைக் காதுக்குத் தூக்கினார், வேகமாக.

ஜூன் 30, திங்கள்

சார்ட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வெள்ளியிலிருந்து கொடுக்கிறோம். கனகாம்புஜம் அம்மா நன்றாகத் தூங்குகிறார்.

இல்லம் அமைதியாக இருக்கிறது. இன்று மத்தியானம் சாப்பிட்டேன். தயிர் சாதம்.

ஜூலை 3, வியாழன்

எட்டாம் அறை: காலை இட்லி பாதி. வாயிலேயே வைத்திருந்தார், விரலை விட்டு எடுத்தேன். வாக்கர் பிடித்து நிற்க முடியவில்லை. பகலில் மூன்று முறைதான் கண் திறந்தார். பேச்சு இல்லை. கை காதுக்குப் போகவில்லை.

"அந்தம்மா போன் போடறதே இல்லீங்ளே" என்று பரமேஸ்வரி அக்கா சிஸ்டரிடம் சொன்னார். "மவகிட்டப் பேசி ஒரு வாரம் ஆச்சுங்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 5, சனி

முதுகுத் தண்டு முடியும் இடத்தில் சிவப்பு. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. விரலால் அமுக்கினேன், வெளுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் இருமல்.

ஒரு வாரத்துக்கு முன்னால் வாக்கர் பிடித்து நடந்த மனுஷி.

சார்ட்டில் சிவப்பை எழுதினேன். இருமலையும் எழுதினேன். மாத்திரைக்கு முன்னால் எப்படி இருந்தார் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஐந்தாம் அறை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் எல்லா வேலையும் தள்ளிப்போனது. கனகாம்புஜம் அம்மாவுக்கு உடம்பு துடைக்கப் போனபோது இரண்டு மணி ஆகிவிட்டது. வெந்நீர் வாளி, இரண்டு துண்டு. கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை என் பக்கம் மட்டும் இறக்கி, அம்மாவை என் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண் மூடியிருந்தார். மூச்சு கரகரவென்று இருந்தது.

மணி அடித்தது.

நடையில் பரமேஸ்வரி அக்காவின் குரல் கேட்டது. "சிஸ்டர், ஒம்பது எரியுதுங்."

ஒன்பது பூட்டியிருக்கிறது. சாவி சிஸ்டர் மேசையில். அதை அமுக்கக்கூடிய ஒரே ஆள் என் இரண்டு கைக்கு நடுவில் கிடக்கிறார்.

மணி நிற்கவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் என் முழங்கை வழியாக ஒழுகியது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"எடு மயிலு. ரொம்ப நேரமா கூப்பிடறார்."

ஓடினேன். சிஸ்டர் மேசையில் சாவியை எடுத்தேன், பூட்டைத் திறந்தேன். மெத்தை சுருட்டி வைத்தபடி இருந்தது. ஒயரைச் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தோம், அது அப்படியே மாட்டியிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவரில் இருந்த ஈரம் தரைவரை இறங்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தேங்கியிருந்தது. அந்த இடுக்கைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"வந்துட்டேங்கய்யா" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பொத்தானைத் தொட்டேன். மணி நின்றது.

அப்போதுதான் நினைவு வந்தது. கம்பியை இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா கட்டிலின் ஓரத்துக்கு உருண்டிருந்தார். ஒரு காலும் ஒரு கையும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன, முகம் மெத்தையில் புதைந்திருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் தலை தரையில். தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். இருமினார், இருமினார், சளி வந்தது. முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

"சிஸ்டர்" என்று கத்தினேன். அவர் வரும்வரை கத்திக்கொண்டே இருந்தேன்.

அம்மாவைப் படுக்கவைத்து, ஆக்சிஜன் அளவு பார்த்து, எல்லாம் அடங்கியபிறகு சிஸ்டரிடம் சொன்னேன். "சிஸ்டர், இவங்க கத்தவே இல்ல. அடிக்க வரவும் இல்ல. நான் பொய் எழுதினேன். மாத்திரையை நிறுத்துங்க."

சிஸ்டர் என்னையே பார்த்தார். "ஏன் எழுதின?"

"என்னை மயிலுன்னு கூப்பிடறாங்கல்ல" என்றேன். "அது என் வீட்டுப் பேர் சிஸ்டர்."

ஜூலை 8, செவ்வாய்

நேற்று சிஸ்டரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டுப் பக்கம் அந்த இல்லத்தில் நான் வேலை பார்த்தேன். பயிற்சி, சான்றிதழ் எதுவும் கிடையாது. மயிலு என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். பகலில் பதினாலு பேருக்கு நான் ஒருத்தி. வேலாயுதம் ஐயா ஏழாம் அறை. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை மணி அடிப்பார். ஜன்னலைத் திற, மூடு, தண்ணீர், மணி என்ன ஆகிறது.

அன்று விடிகாலை ஐந்திலிருந்து நான் உட்காரவில்லை. இரண்டு மணிக்குச் சோற்றில் கை வைத்தேன். மணி அடித்தது. போய்த் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். கை வைத்தேன். மணி அடித்தது. மூன்றாவது தடவை போனபோது ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பிப் போனபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். மூச்சு இல்லை. ஒயரைத் திரும்பச் செருகினேன். பொத்தானை அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். சார்ட்டில் 'இரண்டு மணி, பார்த்தேன், தூங்குகிறார்' என்று எழுதினேன்.

பக்கத்து அறைதான் கனகாம்புஜம் அம்மா. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவருக்குக் கண் தெரியாது என்பதால் நான் அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஐயா கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லையா என்று சிஸ்டர் கேட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை என்றேன்.

சிஸ்டர் சார்ட்டை மூடி வைத்தார். பிறகு, "டாக்டர்கிட்டப் பேசிட்டேன், மாத்திரை நிறுத்தியாச்சு. நிர்வாகத்துக்கு நாளைக்குச் சொல்லுவேன். இனி உன்னை எந்தப் பெட் பக்கமும் விட முடியாது" என்றார். அறைக் கதவுவரை போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் கேட்டார். "அவருக்கு யாரும் இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு இருந்தாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

ஜூலை 10, வியாழன்

துணி துவைக்கும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகம் முடிவு சொல்லும்வரை. பரமேஸ்வரி அக்கா பேசுவதில்லை. அழுக்குத் துணி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இன்று மட்டும், திரும்பிப் பார்க்காமல், "எட்டாம் நெம்பரம்மா ரெண்டு இட்லி தின்னுச்சு" என்றார்.

ஒன்பதாம் அறை மணியை எலக்ட்ரீசியன் கழற்றிக்கொண்டு போனார். ஈரம்தான் காரணம் என்று இப்போது சொல்கிறார்.

ஜூலை 12, சனி

ஈரோடு போய்விட்டு வந்தேன்.

வேலாயுதம் ஐயாவின் மகள் சுகந்தி. ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருக்கிறார். விலாசத்தை மூன்று வருஷமாக வைத்திருந்தேன், ஏன் வைத்திருந்தேன் என்று தெரியாது. மில் குடியிருப்புக்குப் பின்னால் சின்ன வீடு. கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மயிலுதானே?" என்றார். "உள்ள வா. மெதுவாப் பேசு, அம்மா அந்த ரூம்ல படுத்திருக்காங்க. அப்பா போனதே அவங்க ஞாபகத்துல நிக்கறதில்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா அழறாங்க. அதனால நாங்க சொல்றதில்ல."

நான் உட்காரவில்லை. சிஸ்டரிடம் சொன்னதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். ஒயர், சோறு, பொத்தான், சார்ட். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் சொன்னார்.

"பொத்தானை எந்தக் கையில வச்ச?"

எனக்கு நினைவில்லை.

"இடது கை" என்றார். "நான் வந்து பாக்கறப்போ இடது கையில இருந்துச்சு. அந்தக் கை செத்து நாலு வருஷம். ஒரு காகிதம்கூடப் பிடிக்க மாட்டார். உள்ள நுழைஞ்ச உடனே தெரிஞ்சுபோச்சு, யாரோ வச்சிருக்காங்கன்னு."

"ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அங்க கொண்டுபோய் விட்டது நான்தானே. அம்மாவையும் அவரையும் சேர்த்து என்னால பாக்க முடியாதுன்னு விட்டேன். உன்னைக் கேட்டா, என்னையும் கேப்பாங்கல்ல."

ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "எழுதிக்குடு. என்ன செய்யறதுன்னு நான் முடிவு பண்ணிக்கறேன்." எழுதினேன். ஜெயக்கொடி என்று கையெழுத்துப் போட்டு, கீழே மயிலு என்றும் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல அப்பா கூப்பிட்டாரா இல்லையான்னு இல்லையே."

டிவி என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு அது வரவில்லை.

"கூப்பிட்டாருங்க்கா."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும். நான் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வச்சேன். அதுவரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

அவர் தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "என்ன சொல்லிக் கூப்பிட்டார்? உன்னையா?"

"இல்லைங்க்கா. என்னை ஒரு தடவைதான். மத்ததெல்லாம் உங்க பேரைத்தான்."

அவர் தாளைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டார். "எப்படிக் கூப்பிட்டார்? அவர் சொன்ன மாதிரி சொல்லு."

முடியாது என்று தலையாட்டினேன். சொல்லு என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

அந்தக் குரலை மறக்க மூன்று வருஷம் முயன்றிருக்கிறேன். அதனாலோ என்னவோ, வாயைத் திறந்ததும் அது அப்படியே வந்தது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய், முதல் எழுத்து வழுக்கும், கடைசி எழுத்து மேலே போகும், நடுவில் மூச்சு.

"சு...கந்தீ. சு...கந்தீ."

சுகந்தி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. வயதான ஒரு பெண் குரல், தூக்கம் கலைந்த குரல், சந்தோஷமாகச் சொன்னது.

"சுகந்தி, அப்பா கூப்பிடறார் பாரு. என்ன வேணும்னு கேளு."

சுகந்தி அக்கா கையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதோ போறேம்மா" என்று சொல்லிக்கொண்டே, என்னைத் தாண்டி, வெளிக்கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போய், அங்கே அப்படியே நின்றார்.